கெட்டியண்ணன் விட்டுவைத்த இடம்

ஓசூரில் இன்றைக்கும் விழாமல் நிற்கிற பொருள்களில் பாதி, கெட்டியண்ணன் கை பட்டவை. விழுந்துபோனவற்றில் பாதி, அவர் கை பட்டவற்றுக்குப் பக்கத்தில் இருந்தவை. நான் அளந்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள் பாகலூர் சாலையில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படிக்கலாம். எனக்கு அவசரமில்லை.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "பேரு எதுக்குங்க, வந்த வேலையச் சொல்லுங்க" என்பார். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல அகலமான ஆள். பட்டறைக் கதவுக்கு மேல் 'வெல்டிங்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அதையும் பெயின்ட்டில் எழுதவில்லை. இரும்புக் கம்பியை எழுத்தாக வளைத்துப் பற்றவைத்திருந்தார். எந்தப் பொருளைக் கொண்டுபோய் நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பத்தாது, கெட்டியா இருக்கணும்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஊர் எங்களுடையது. மூன்றிலும் கெட்டி என்றால் கெட்டிதான், உச்சரிப்பில் கொஞ்சம் அழுத்தம் கூடும் குறையும். அண்ணன் அளவெடுப்பது தெலுங்கில். இரும்பைத் திட்டுவது கன்னடத்தில். வாடிக்கையாளரைத் திட்டுவது தமிழில். ஆகவே அவர் யாருடைய ஆள் என்பதில் மூன்று தரப்புமே உரிமை கொண்டாடின.

வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. செய்த பொருளைத் தரையில் வைத்து, "ஏறி நில்லுங்க" என்பார். நாற்காலி, ஸ்டூல் என்றால் நியாயம். டி.வி. மாட்டுகிற ஸ்டாண்டுக்கும் அதே பரீட்சைதான். ஒருமுறை காய்கறிக்காரம்மா ஒருவர் தராசுத் தட்டைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு, அதன் மேல் ஏற மறுத்துவிட்டார்.

"நான் தக்காளி நிறுக்கக் கேட்டன். என்னை நிறுக்க இல்ல."

"கனமான தக்காளியா வந்தா என்னம்மா பண்ணுவ?" என்று அண்ணன் கேட்டார்.

கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே அந்தக் கவலை இருந்தது. கடைசியில் காய்கறிக்காரம்மா ஏறி நின்றார், தட்டு நின்றது. அதன் பிறகு அந்தத் தராசில் வெறும் தட்டு வைத்தாலே அரைக்கிலோ காட்டியது என்பது வேறு விஷயம்.

அவருடைய சொந்தக் குடைக்கு உள்ளே எல்லாக் கம்பியும் இரட்டைக் கம்பி. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் மற்றவர்களின் குடை திரும்பிக்கொள்ளும். அண்ணன் குடை திரும்பாது, அண்ணன்தான் திரும்புவார். டிபன் கேரியரின் பிடியைப் பலப்படுத்தி, பிறகு பிடியைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டுக் கம்பிகளைப் பலப்படுத்தி, பிறகு கம்பிகளைத் தாங்க அடித்தட்டைப் பலப்படுத்தி, சாம்பார் குறைவாகவும் இரும்பு அதிகமாகவும் ஒரு கேரியர் வைத்திருந்தார். அவர் மனைவி வீட்டுச் சாமான் எதையும் பட்டறைப் பக்கம் கொண்டுவர மாட்டார்.

மஞ்சுளா அக்காவின் டீக்கடை பெஞ்சு இதில் தனிக் கதை. கால் ஆடுகிறது என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் நான்கு காலையும் மாற்றி, குறுக்கே சட்டம் கொடுத்து, சட்டத்துக்கு முட்டு கொடுத்து, தரையில் கான்கிரீட் போட்டு இறக்கிவிட்டார். கடைத் தரையே விரிசல் விட்டது. பின்னால் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கடை நகர்ந்தது, கூரை நகர்ந்தது, பாய்லர் நகர்ந்தது. பெஞ்சு நகரவில்லை. பெயர்த்துப் பார்த்தவர்கள் சலித்துப்போய் அதைச் சுற்றி நடைபாதை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பெஞ்சு இருக்கிறதே என்று ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று டவுன் பஸ் நின்றது. இன்றைக்கு அது ஒரு ஸ்டாப்பிங்.

அடுத்தது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கேட். கீல் கொஞ்சம் கிரீச்சிட்டது. எண்ணெய் விட்டிருக்கலாம். வீட்டு ஓனர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் கேட்டுக்கு முன்னும் பின்னும் தகடு வைத்து, மாட்டிவிட்டு, வழக்கம் போல ஏறி நின்று ஆடிக் காட்டினார். கேட் அசையவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் கேட் மாட்டியிருந்த தூண் சாய்ந்து, கேட்டோடு சேர்ந்து தெருவில் படுத்துவிட்டது. ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் வந்து குனிந்து, கேட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டுக்கு ஒண்ணும் ஆவல, பாத்தீங்களா?"

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் என் மனைவி தன் காரைக் கொண்டுபோய் விட்டாள்.

கலை, கல்லாவி ஊர்ப் பெண். விவசாயக் குடும்பம், கார் ஓட்டுவதற்கு முன்பே டிராக்டர் ஓட்டியவள். இங்கே ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவமாக்குகிற டை செக்‌ஷனில் இன்ஜினியர். நான் வேறொரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. நான் கார் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து பெல் அடித்து வழி கேட்பார்கள், ஆகவே எங்கள் வீட்டில் ஓட்டுவது அவள்தான். பெங்களூர்க்காரர் ஒருவர் அலுத்துப்போய் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தாள். வெள்ளை நிறம். இன்ஜின் அசுரன். முன் ஆர்ம் இரண்டும் அப்பளம்.

ஆர்ம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முன்சக்கரத்தைக் காரின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை அது. பக்கத்துக்கு ஒன்று, வண்டிக்கு அடியில் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடி முழுக்க இதன் மேல்தான் விழும். அந்தக் கை, கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். தார்ச்சாலைக்கு மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த கை போதும். கலை போன இடங்களில் தார் கிடையாது.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மண் மைதானப் பந்தயப் பைத்தியம் பிடித்திருந்தது. காலி நிலத்தில் கம்பு நட்டு வளைவுகள் வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் பாதி வழியில் முன் ஆர்ம் மடிந்து, சக்கரம் மட்கார்டில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு முறையும் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். இரண்டாவது முறை கயிறோடு தெருவுக்குள் நுழைந்தபோது என் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆரம்ப சூரத்தனம்" என்றார் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "தையல் கிளாஸ் பாதி, எம்.ஈ. பாதி, இப்ப கார் பாதி. எதையாச்சும் ஒண்ணு முடிச்சிருக்கியா நீ?"

எம்.ஈ. பாதியில் நின்றது என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில். டியூட்டி முடிந்து நேராக அங்கே போய் உட்கார்ந்தவள் கலைதான். அம்மாவுக்கு அது தெரியும். கோபத்தில் மறந்துவிடுவார். எனக்கு அன்றைக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாயைத் திறப்பதற்குள் கலையே பதில் சொல்லிவிட்டாள்.

"சரிங்க அத்தை. இன்னும் ஒரே ஒரு தடவை. சூளகிரில அடுத்த மாசம் நடக்குது. முடிச்சுக் காட்டறேன். முடியலன்னா வண்டியை வித்துடலாம், நானே ஆள் பாக்கறேன்."

ஜெயிப்பதைப் பற்றி அவள் பேசவே இல்லை. முடிக்கவேண்டும், அவ்வளவுதான். அன்று இரவு சாப்பிடும்போதும் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னது போல் இல்லை.

கெட்டியண்ணன் ஆர்மைக் கழற்றிப் பார்த்ததும் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"இது ஆர்மாம்மா? பிஸ்கெட் டப்பா மூடி மாதிரி இருக்குது. அடியில திறந்து கெடக்குது பாரு. மூடிடலாம். நீ எந்தப் பள்ளத்துல வேணா எறங்கு, இது மடங்கவே மடங்காது. நான் பொறுப்பு."

அடியில் தகடு வைத்து மூடினார். அது சரி, எல்லாரும் செய்வதுதான் என்றாள் கலை. மறுநாள் போனால் மேலேயும் ஒரு தகடு. அதற்கடுத்த நாள் ஓரங்களில். "போதும்ணா" என்றாள். "ஒரே ஒரு எடம் பாக்கி" என்றார். முடித்தபோது ஆர்ம் ஒவ்வொன்றும் தண்டவாளத் துண்டு போல இருந்தது. ஒன்றைத் தரையில் வைத்து என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். பத்தாது என்று மஞ்சுளா அக்காவையும் ஏறச் சொன்னார். அக்காவும் நானும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சாண் அகல இரும்பின் மேல் நின்ற காட்சியை, என் ஆபீஸ் ஆட்கள் இருவர் பைக்கில் போகும்போது பார்த்துவிட்டார்கள். அடுத்த நாள் காரணம் சொல்லி மாளவில்லை.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தொரப்பள்ளிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலத்தில் ஓட்டிப் பார்த்தோம். கலை, நான், அண்ணன் மூவர் மட்டும். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் சுற்றில் கார் பள்ளத்தில் பாய்ந்து எழுந்தது. "பாத்தீங்களா சார்" என்றார். அடுத்த சுற்றும் அப்படியே. "பாத்தீங்களா சார்." அதற்கடுத்த சுற்றில், பழைய வாய்க்கால் மேடு ஒன்றில் சக்கரம் மோதியது. ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. கார் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அண்ணன் குனிந்து, ஆர்மைத் தட்டிப் பார்த்து, நிமிர்ந்தார்.

"ஆர்முக்கு ஒண்ணும் ஆவல, பாத்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஆர்முக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அது மாட்டியிருந்த கிராஸ் மெம்பர்தான் பழைய வேட்டி போலக் கிழிந்து தொங்கியது. மடங்க வேண்டிய அடியை ஆர்ம் மடங்காமல் வாங்கி அப்படியே உள்ளே தள்ளிவிட்டது.

கலை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு வாரம்தாண்ணா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. அதற்கு மறுநாளும். கெட்டியண்ணன் பட்டறை பூட்டிக் கிடப்பது எங்கள் சாலையில் யாரும் கண்டிராத சங்கதி. உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கப் போகலாமென்று காலையில் நான் செருப்பு மாட்டும்போது, அவரே எங்கள் வீட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதிதாகக் கட்டிய தூணையும் தன் பழைய கேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அன்னிக்கு இந்தத் தூணு விழுந்துச்சே. அது கேட்டாலயா?"

"ஆமாண்ணா."

"டீக்கடை பெஞ்சு கால மாத்துனப்ப தரையில விரிசல் விட்டுச்சே. அதுவும் அப்படித்தானா?"

"அதுவும் அப்படித்தான்."

அண்ணன் தூணைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன வருசமா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே சார்" என்றார்.

"எல்லாரும் சொன்னோம்ணா."

"அப்படியா" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். எங்கள் வீட்டு நாற்காலியை, உட்காருவதற்கு முன்னால் அசைத்துப் பார்க்காமல் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கலை காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் ஏற்கனவே பெங்களூரில் பழைய உதிரிபாகக் கடையில் ஒரு கிராஸ் மெம்பர் பார்த்து வைத்துவிட்டாள். விட்டுவிடுகிற ஜாதி இல்லை அவள், அம்மா என்ன சொன்னாலும்.

"அண்ணா, எங்க பிரஸ்ல ஒரு பின் வெச்சிருப்போம். ஷியர் பின்னு சொல்வாங்க. லோடு தாங்கலன்னா அது மட்டும் பட்டுன்னு ஒடியும். வேற பின் மாட்டிட்டு ஓட்டிக்கலாம். அது ஒடியலன்னா டையே போயிடும். அந்த மாதிரி இந்த ஆர்ம்ல ஒரு எடம் வேணும். மத்த எல்லா எடத்துலயும் நீங்க கெட்டி பண்ணுங்க. ஒரு எடத்துல மட்டும் விட்டுடுங்க. ரொம்ப அடி விழுந்தா அங்க வளையட்டும்."

அண்ணன் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"வளையறதுக்குன்னே ஒண்ண நான் செய்யணுமா?"

"கொஞ்சமா வளையணும். வளைஞ்சு நின்னுடணும். சக்கரம் மட்கார்டுல மாட்டக் கூடாது. வண்டி உருண்டா போதும், நான் ஓட்டி முடிச்சிடுவேன்."

"யாராச்சும் பாத்தா என்னா நெனப்பாங்கம்மா? கெட்டி கடைசி வெல்டு வைக்க மறந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க" என்றாள் கலை.

அவர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அண்ணன் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்க வளையணும், காட்டும்மா."

அந்தக் கிராஸ் மெம்பரையும் புதிதாக ஒரு ஜோடி ஆர்மையும் வாங்கி வந்தோம். கலை சாக்பீஸால் கோடு போட்டாள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை, நாலு விரல்கடை இடம். அதில் தகடு வரக்கூடாது. அதற்கு இருபுறமும் வைக்கும் தகடுகளின் நுனிகள், ஆர்ம் கொஞ்சம் வளைந்ததும் ஒன்றோடொன்று முட்டி, மேற்கொண்டு வளையவிடாமல் தடுக்கவேண்டும். அண்ணன் இதைக் கேட்டதும் கொஞ்சம் தெளிந்தார். வளைவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது அவருக்குத் தெம்பு தந்திருக்கவேண்டும். முட்டுகிற நுனிகளைக் காகிதம் நுழைகிற மாதிரி, காற்று நுழைகிற மாதிரி என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தெலுங்கில் எண்ணிக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்தது. நாலு விரல்கடை இடம் சும்மா இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி எடுத்தார். ஒரு மனிதன் பல்வலிப் பக்கம் நாக்கு போகாமல் இருக்கப் படுகிற பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். கடைசியில் ஹோல்டரை ஒயரோடு கழற்றி, சுருட்டி, என் கையில் கொடுத்தார்.

"இத உங்க வூட்ல வெச்சுக்கங்க சார். ரேஸு முடியட்டும். இங்க இருந்துச்சுன்னா என் கை சும்மா இருக்காது."

"வேற வேலைக்கு என்ன பண்ணுவீங்க?"

"வேற வேலை கெடக்கட்டும்."

ஹோல்டரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தோம். மாட்டின ஆர்மோடு கார் எங்கள் வாசலில் நின்றது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் என் அம்மா.

"ஒரே ஒரு டேக் வெல்டும்மா. பொட்டு மாதிரி. வெளிய தெரியாது. ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு."

"குடுக்க முடியாது தம்பி."

"அந்தப் பொண்ணு அதுல போவுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கன்."

"அவ கணக்குப் போட்டுத்தான விடச் சொல்லியிருக்கா. அவ படிச்சது அந்தப் படிப்புதான? விடச் சொன்னா விடுங்க. போய்த் தூங்குங்க."

அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "செரிம்மா" என்று போய்விட்டார். அம்மா திரும்பினார், பால் பாக்கெட்டோடு நிற்கும் என்னைப் பார்த்தார். "என்னா?" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் ஹோல்டர் அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. அம்மா அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

சூளகிரியில் அது, ஏதோ கம்பெனி வரப்போகிறதென்று சமப்படுத்திப் போட்டிருந்த செம்மண் நிலம். ஓரத்தில் தக்காளித் தோட்டங்கள், தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள். அம்மாவும் வந்தார். "சும்மா வூட்ல உட்காந்து என்ன பண்றது" என்று புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் அதே வெள்ளைச் சட்டை. காரின் முன்பக்கத்தை அழுத்திப் பார்க்கக் கை போனது, பின்னால் கட்டிக்கொண்டார்.

கலை முறை வந்தது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. முதல் வளைவு, பள்ளம், மேடு, மறுபடி வளைவு. வழக்கமாக டிராக்டரைக் கூப்பிடும் இடத்தையும் தாண்டிவிட்டது. கடைசி வளைவில், முன்னால் போன கார்கள் மண்ணைப் பறித்து ஒரு கல்லை வெளியே எடுத்துவிட்டிருந்தன. இடது சக்கரம் நேராக அதன் மேல் போய் ஏறியது.

கார் துள்ளி விழுந்தது. சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. "போச்சு" என்றார் பக்கத்தில் யாரோ. கயிறு வைத்திருந்த டிராக்டர்காரர் இன்ஜினைக் கிளப்பினார். அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது.

கார் நின்றது. பிறகு உறுமியது. பிறகு, கால் சுளுக்கிய ஆள் நடப்பது போல, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. ஸ்டியரிங் நேராக நிற்காமல் கலை அதோடு மல்லுக்கட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. டயர் எங்கேயும் மாட்டவில்லை. சாய்ந்தபடியே உருண்டது. எல்லைக் கம்பைத் தாண்டி, முழு வண்டியும் தாண்டி, நின்றது.

வந்த கார்களிலேயே அதிக நேரம் எடுத்தது அதுதான். ஆனால் முடித்துவிட்டாள். மைக்கில் அவள் பெயரையும் நேரத்தையும் சொன்னார்கள், அத்தனை பெரிய நேரத்தை வாசிக்க அவர்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நான் விசில் அடித்தேன். வாழ்க்கையில் முதல் முறை, காற்றுதான் வந்தது.

அண்ணன் கலையைப் பார்க்கவில்லை, நேரத்தைக் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு அப்படியே செம்மண்ணில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் புகுந்துவிட்டார். ரொம்ப நேரம் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கலை இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணா?"

"வளைஞ்சிருக்கும்மா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நீ கோடு போட்ட எடத்துலயே வளைஞ்சிருக்கு. முட்டி நின்னுடுச்சு. கிராஸ் மெம்பர்ல ஒரு கீறல்கூட இல்ல." கொஞ்சம் கழித்து மறுபடியும், "அழகா வளைஞ்சிருக்கும்மா" என்றார். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அம்மா புளிசாதத்தைப் பாக்குமட்டைத் தட்டில் போட்டு முதலில் கலைக்குக் கொடுத்தார். அம்மா அவள் எதிரிலேயே நின்றுகொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"அந்தப் படிப்பையும் முடிச்சிடு. வூட்ட நான் பாத்துக்கறன்."

கலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள். "சாப்பிடு, ஆறிடப் போவுது" என்றார் அம்மா. புளிசாதம் காலையிலேயே ஆறிப்போனது.

காரை விற்கவில்லை. எம்.ஈ. முடிந்துவிட்டது. சாலையை அகலப்படுத்துகிற வேலை அண்ணன் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. பட்டறையை எடுத்துக்கொண்டு கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம் மகள் ஊருக்கே போய்விட்டார். போகும்போது எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார், அந்த வளைந்த ஆர்மை. அங்கே சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு நாங்கள் போயிருந்தபோது அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். வந்திருந்த யாரோ அது என்னவென்று கேட்க, "நான் செஞ்சதுலயே ஒழுங்கா வளைஞ்சது இது ஒண்ணுதான்" என்று கன்னடத்தில் சொன்னார். திட்டாமல் அவர் பேசிய கன்னடத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

வலது பக்க ஆர்ம் இன்னும் காரில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது போன் வரும். கலை நலம், அம்மா நலம் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"சார், அந்த எடத்துல யாரும் வெல்டு கில்டு வெச்சுடலியே?"

ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் மெக்கானிக்குகள் அதைக் காட்டி, இங்கே யாரோ வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள், மூடிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்த நாலு விரல்கடை இடத்தைச் சும்மா விட அந்த மனிதர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.